தனி ஆணுக்குப் பெண் குழந்தை கிடைக்குமா?

தனியாகப் பெண் குழந்தையைத் தத்தெடுத்த உங்கள் அக்காவைப்போல, தனி ஆணான நீங்களும் ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்காது. காரா (தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசு ஆணையம்) வழியாகத் தத்தெடுக்கும் தனி ஆண், ஆண் குழந்தையை மட்டுமே எடுக்கலாம். சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 57 அப்படித்தான் சொல்கிறது. உங்கள் அக்கா எடுத்ததும் அதே சட்டப்படிதான். தனிப் பெண்ணுக்கு இரண்டுமே உண்டு. எனக்கு இது நியாயமாகப் படவில்லை, ஆனால் இன்றைய விதி இதுதான்.

‘ஆண் குழந்தை என்று மாற்றியும் கைக்குழந்தை கேட்க முடியவில்லை’ என்கிறீர்கள். காரணம் உங்கள் 42 வயதாக இருக்கும். தனி நபருக்கு 2 வயதுக்குள் குழந்தை வேண்டுமானால் உச்ச வயது 40. 2 முதல் 4 வயதுக் குழந்தைக்கு 45 வரை போகலாம். இந்த வரம்பு பெண்களுக்கும் இதேதான்.

2–4 பிரிவைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பான் அட்டையில் உள்ள பிறந்த தேதியும் காரா பதிவுப் படிவத்தில் உள்ளதும் ஒன்றா என்று ஒருமுறை சரிபாருங்கள். அப்புறம், உங்களுக்கு ஏதாவது ஆனால் குழந்தையைப் பார்த்துக்கொள்வதாக உறவினர் ஒருவர் தரும் உறுதிமொழி கட்டாயம். அக்காவிடமே இப்போதே பேசிவிடுங்கள்.

வாடகைத்தாய் வழி தனி ஆணுக்கு இல்லை. 2021 சட்டம் தனியாக வாழ்வோரில் 35–45 வயது விதவைக்கும் விவாகரத்தான பெண்ணுக்கும் மட்டுமே அதை அனுமதிக்கிறது.

ஒரு எச்சரிக்கை: இந்து தத்தெடுப்புச் சட்டப்படி ஆணுக்கும் குழந்தைக்கும் 21 வயது வித்தியாசம் இருந்தால் பெண் குழந்தையும் எடுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், ஆனால் பெற்றோரோ காப்பாளரோ முறைப்படி தத்துக் கொடுக்க வேண்டும். பணம் கேட்கும் இடைத்தரகர் பக்கமே போகாதீர்கள், அது குற்றம்.