இயக்குநர் வீட்டு உபயம்

கேள்வி: ஐயா, நான் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். வயது 26. மூன்று வருடத்துக்கு முன்பு கோலாலம்பூர் வந்தேன். கூட்டாளி ஒருவர் தொடங்கிய கம்பெனியில் இப்போது நான் இயக்குநர். என் பெயர் அட்டையை அம்மா சாமி மேடையில் வைத்திருக்கிறார். இந்த வருடத் திருவிழாவில் ஒரு நாள் உபயம் என் பெயரில் என்று கோயிலில் சொல்லியும் விட்டார். 6,000 வெள்ளி (ரிங்கிட்). இங்கே வியாபாரம் சரியில்லை, எனக்குச் சம்பளம் வந்தால் உண்டு. வேலை செய்யும் நாலு பேருக்கும் எட்டு மாதமாகச் சேமநிதி (இபிஎஃப்) கட்டவில்லை, அதைக் கூட்டாளி பார்த்துக்கொள்வார். கடன் வாங்கியாவது உபயத்தைச் செய்துவிடலாமா? இல்லையென்றால் ஊரில் எப்படித் தலை காட்டுவது?
- பெயர் வேண்டாம், கோலாலம்பூர்

பதில்: கடன் வாங்கிச் செய்ய வேண்டாம். உபயத்துக்கு அப்புறம் வருகிறேன். தம்பி, போகிற போக்கில் அரை வரி எழுதியிருக்கிறீர்களே, 'கூட்டாளி பார்த்துக்கொள்வார்' என்று, அதைத்தான் நான் மூன்று முறை திரும்பிப் படித்தேன்.

1991ஆம் ஆண்டு ஊழியர் சேமநிதிச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். கம்பெனி கட்டாமல் விட்ட சந்தாவுக்கு அதன் இயக்குநர்களும் சொந்தப் பொறுப்பு. பாதிப் பாதி என்று பிரித்துக்கொள்வதெல்லாம் கிடையாது. கூட்டாளி கண்ணில் படவில்லை என்றால் முழுத் தொகையையும் உங்களிடமே கேட்கலாம். நாளைக்கே பதவி விலகினாலும் நீங்கள் இருந்த மாதங்களின் பாக்கி உங்களைவிட்டுப் போகாது.

எவ்வளவு வரும்? ஆளுக்குக் குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளி என்றே வைத்துக்கொள்வோம். தொழிலாளி பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 13. ஆளுக்கு மாதம் 400 வெள்ளிக்கு மேல். நாலு பேர், எட்டு மாதம்: ஏறக்குறைய 13,000. தாமதத்துக்கான தண்டம் தனி. அந்த 11 விழுக்காட்டை அவர்கள் சம்பளத்தில் பிடித்தீர்களா, இல்லையா? பிடித்துவிட்டுக் கட்டவில்லை என்றால் அது அடுத்தவர் காசு. நாலு பேரில் ஒருவர் கைப்பேசியில் தன் கணக்கைத் திறந்து பார்த்துப் புகார் கொடுத்தால் போதும்.

உங்களை எதற்கு இயக்குநராகப் போட்டார்கள் என்று எப்போதாவது யோசித்தீர்களா? முதல் போட்டதாக எழுதவில்லை. கணக்குப் புத்தகம் பார்த்ததாகவும் எழுதவில்லை. பாரத்தில் கையெழுத்துப் போட ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கிறது, நீங்கள் கிடைத்தீர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. ('இயக்குநர்' என்றதும் தோட்டத்தில் பாதிப் பேர் நீங்கள் படம் எடுக்கிறீர்கள் என்றே நினைத்திருப்பார்கள்!) செம்பனைக் குலை வெட்டுகிறவருக்குக்கூட மாதம் 1,700க்குச் சட்டம் இருக்கிறது. வேலை ஒப்பந்தம் இல்லாத இயக்குநருக்கு அதுவும் இல்லை. ஆகவே, வங்கிக் கடன் எதற்காவது சொந்த ஜாமீன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்று இந்த வாரமே தேடிப் பாருங்கள். பிறகு சேமநிதி அலுவலகத்துக்கு நீங்களே போய்த் தவணை கேளுங்கள். அவர்கள் தேடி வருவதற்கு முன்னால் போகிறவனுக்குப் பேச வாய் இருக்கும்.

கடன் விஷயம். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் ஈடில்லாத கடனுக்கு வருடம் 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. ஆனால் உங்களைப் போலச் சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு அங்கே கதவு திறப்பது கஷ்டம். மிச்சம் இருப்பது விளக்குக் கம்பத்தில் ஒட்டிய நம்பர்தான். ஆலோங், அதாவது உரிமம் இல்லாத வட்டிக்காரன், மாதத்துக்கு 20 விழுக்காடு கேட்டால் 6,000 வெள்ளிக்கு வட்டி மட்டும் மாதம் 1,200. அவன் ஆட்கள் சிவப்புச் சாயத்தோடு வந்து நிற்கப் போவது கோலாலம்பூரில் நீங்கள் இருக்கும் வாடகை அறைக்கு முன்னால் இல்லை, அடையாள அட்டையில் உள்ள விலாசத்தில். அங்கே இருப்பது அம்மா.

ஊருக்கு வருவோம். ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் உங்கள் தொகுதிக்காரர். முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960இல், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள் கூலியில் மிச்சம் பிடித்துக் கட்டிய பங்குப் பணத்தில்தான் அந்தச் சங்கம் தோட்டங்களை வாங்கியது. அவர்கள் பேரப்பிள்ளைகளிடம் போய், கையில் காசில்லை என்று சொல்ல உங்களுக்கு வெட்கமா? ஒரு வெள்ளி எப்படிச் சேருகிறது என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் வாடகைக் காரில் தோட்டத்துக்கு வந்து இறங்கி 'என் வண்டி' என்றார். பெட்ரோல் ஊற்ற இருபது வெள்ளி கைமாத்துக் கேட்டது மறுநாள் லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) முழுக்கத் தெரிந்துவிட்டது.

கோயில் தலைவருக்கு நீங்களே போன் போடுங்கள். தனி உபயம் இந்த வருடம் முடியாது, நாலைந்து குடும்பத்தோடு கூட்டு உபயத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேளுங்கள். 200 வெள்ளியோ 300 வெள்ளியோ, உங்களால் ஆனது. அன்றைக்குப் பந்தியில் நின்று பரிமாறுங்கள்.

அம்மாவிடம் மட்டும் வாட்சாப்பில் சொல்லாதீர்கள். ரயிலேறிப் போய், சாப்பிட்டு முடித்த பிறகு, எதிரே உட்கார்ந்து சொல்லுங்கள். சாமி மேடையில் இருக்கும் அட்டையை நீங்கள் எடுக்க வேண்டாம், அவரே எடுப்பார். அடுத்த கடிதத்தில் அந்த நாலு பேருக்கும் எவ்வளவு பாக்கி என்று, பெயர் இல்லாமல், தொகையோடு எழுதுங்கள்.