டீசலுக்கு யார் உபயம்?

கேள்வி: ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் டிரஸ்ட் நடத்தும் சிறு மருத்துவமனைகள் ஆரம்பித்த ஐந்தாறு வருடத்திலேயே மூச்சு வாங்குகின்றன. இவற்றை நடத்துகிறவர்கள் ஒன்றுகூடி, உபயதாரர்களைத் திரட்டி, நிலைத்து நிற்க வழி உண்டா?
– வாசகர், தொண்டி

பதில்: 'உபயதாரர்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டேன். வியாதி அங்கேதான் இருக்கிறது.

போன ஐப்பசியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இப்படி ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம்; ராப்பகல் பார்க்காமல் உழைக்கிற மனிதர்கள். நாற்காலி முதுகில் உபயம், ஃபேன் இறக்கையில் உபயம், தண்ணீர்த் தொட்டியில் உபயம். பின்பக்கம் ஒரு ஜெனரேட்டர். அதன் நெற்றியில் பித்தளைத் தகடு, தகட்டில் ஒரு குடும்பத்தின் பெயர். உப்புக்காற்று பட்டு எழுத்தெல்லாம் பச்சை பூத்திருந்தது. "ஓடுமாம்மா?" என்று நர்ஸம்மாவைக் கேட்டேன். "டீசல் ஊத்தினா ஓடும் சார்" என்றார். அந்த வாரம் ஊற்றவில்லை. டீசலுக்கு உபயம் கிடையாது, தகடு அடிக்க இடம் இல்லையே.

உள்ளே லேப். ரத்தப் பரிசோதனை மிஷின் நன்றாக இருக்கிறது. ஃபிரிட்ஜைத் திறந்து, பரிசோதனைக்கு வேண்டிய ரசாயனமான ரீஏஜென்ட் பெட்டியைக் காட்டினார்கள். ஒரு பெட்டி பிரித்தால் நூறு பேருக்குப் பார்க்கலாம். முப்பது பேருக்குப் பார்ப்பதற்குள் தேதி முடிந்துவிடுகிறது. மீதியைக் கொட்ட வேண்டியதுதான். அதே சாலையில் கொஞ்ச தூரத்தில் இன்னொரு சிறு மருத்துவமனை. அங்கேயும் இதே பெட்டி, இதே கொட்டல். இருவரும் இதைப் பற்றி ஒரு நாள் பேசியது கிடையாது.

தகடுகளைப் பற்றி இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதிவிட்டேன். 'கொடுக்கிறவர் மனதை நோகடிக்கிறீர்கள்' என்று கடிதம் வந்தது. நோகடிக்கவில்லை. கொடுக்கிற கைக்கு நாம் சரியான இடத்தைக் காட்டவில்லை, அதுதான் என் வருத்தம்.

நம் கோயில்களுக்கு இது தெரியும். உபயம் ஒரு நாளோடு முடிகிறது. கட்டளை என்றைக்கும் நடக்கிறது. நிலத்தை எழுதிவைப்பார்கள், அதன் வருமானத்தில் பூசை ஓடும். சோழர் கல்வெட்டுகளில் அணையாமல் எரியும் நந்தா விளக்குக்கு 96 ஆடு கொடுத்ததாக எத்தனை இடத்தில் வருகிறது! ஆட்டை வாங்கிக்கொண்ட இடையர் தினமும் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு கழிந்தாலும் குட்டி வந்து எண்ணிக்கை குறையாது. அதனால் அவற்றுக்கு 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். விளக்கைச் செய்து வைத்ததோடு நிற்காமல், நாளைக்கு நெய் எங்கிருந்து வரும் என்று யோசித்த புத்தி அது.

ஆடு கோயிலுக்கு, ஆஸ்பத்திரிக்கு என்ன என்பீர்கள். காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, 11-ம் நூற்றாண்டு. அங்கே 15 படுக்கையோடு ஓர் ஆதுலர் சாலை, அதாவது ஆஸ்பத்திரி, நடந்தது. மருத்துவருக்கு எவ்வளவு, அறுவை செய்கிறவருக்கு எவ்வளவு, மூலிகை கொண்டு வருகிறவருக்கு எவ்வளவு, நோயாளிகளைக் கவனிக்கும் பெண்களுக்கு எவ்வளவு என்று நெல்லும் காசுமாகப் பிரித்து வெட்டி வைத்திருக்கிறார்கள். எந்தெந்த மருந்து இருப்பில் இருக்க வேண்டும் என்ற பட்டியலும் உண்டு. கல்லில் வெட்டியது கொடுத்தவர் பெருமையை மட்டும் இல்லை, மாசச் செலவையும்தான்.

சரி, உங்கள் மருத்துவமனைகளுக்கு வருவோம். கூட்டு என்றதும் எல்லோரும் ஒரே உண்டியல் வைக்கத்தான் நினைக்கிறார்கள். நான் செலவிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். ஐந்து மருத்துவமனைக்கு ஒரு லேப். மற்ற நாலிலிருந்து பைக்கில் ஐஸ் பெட்டியில் சாம்பிள் வரட்டும். மிஷின் பழுது பார்க்க ஐந்துக்கும் ஒரே ஆள். மயக்க மருந்து டாக்டர் கிழமை முறையில் வரட்டும். முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை வழி இருக்கிறது. ஆனால் ஒரு தாள் குறைந்தாலும், பணம் கேட்டு அனுப்பிய க்ளெயிம் கேள்வியோடு திரும்பி வரும். தாள்களைச் சரியாகக் கட்டத் தெரிந்த ஒருவரை ஐந்து பேரும் சேர்ந்து சம்பளம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். செய்த வைத்தியத்துக்கே பணம் வராமல் போவதைவிடப் பெரிய கசிவு இல்லை.

இது புதிதும் இல்லை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் வந்ததிலிருந்து அரசு மருத்துவமனைகளுக்கு மருந்தை மொத்தமாக ஒரே இடத்தில்தான் வாங்குகிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். அதில் இருக்கிற தொகைக்குக் கிடங்கில் மருந்து எடுத்துக்கொள்ளலாம். அந்த ஏற்பாட்டைப் பார்க்க வெளிமாநிலங்களிலிருந்து வந்தார்கள். மருத்துவக் கழிவில்கூட, 75 கிலோமீட்டருக்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் தனியாக ஒன்று வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2016 விதி சொல்கிறது. கழிவுக்குச் சேர்கிறவர்கள் மருந்துக்கும் சேரலாம்.

அரசாங்கப் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதாரத் துறையின் கீழ். தாலுகா ஆஸ்பத்திரி ஊரக நலப்பணிகள் இயக்ககத்தின் கீழ். 2022 ஜனவரியில் திறந்த ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவக் கல்வித் துறையின் கீழ். பாம்பனில் ஒரு மீனவருக்கு நெஞ்சு வலித்தால் இந்த மூன்று துறையும் ஒரே ராத்திரியில் அவருக்குத் தேவைப்படும். மாதம் ஒரு முறை கலெக்டர் முன்னால் மூன்று பேரும் டிரஸ்ட்காரர்களோடு ஒரே மேஜையில் உட்காரட்டும். அதற்குத் தனி நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை.

பணம் திரட்டுவதற்கு வருகிறேன். இங்கே கவனம் வேண்டும். கீழக்கரை, பெரியபட்டினம், உங்கள் தொண்டி, எல்லா ஊர்ப் பிள்ளைகளும் வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரே வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால் ஆகும். அதை வாங்க டிரஸ்டுக்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும். அப்படி வாங்கிய பணத்தை இன்னொரு டிரஸ்டுக்குக் கைமாற்றவும் கூடாது, 2020-ல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். ஒரே உண்டியல் யோசனை இங்கே இடிக்கும். அதனால்தான் செலவில் சேருங்கள் என்கிறேன். பொதுவான ஆளுக்கும் பொதுவான பொருளுக்கும் அவரவர் பங்கை அவரவர் கணக்கிலிருந்து நேராகக் கட்டிவிடலாம்.

கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்கு ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணத்தை, முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் எடுக்கும் மூலநிதியில் போட இப்போது வழியில்லை. ஆனால் தொடர் திட்டமாகக் கேட்டால், ஆரம்பிக்கிற ஆண்டு போக மூன்று ஆண்டுகள் வரை நீட்டலாம். கட்டடம் கேட்காதீர்கள், நர்ஸ் சம்பளம் கேளுங்கள். தனி மனிதர்களிடம் மட்டும் 'இது மூலநிதிக்கு' என்று எழுதி வாங்கி, வட்டியில் செலவு செய்யுங்கள். பழைய கட்டளையேதான் இது. தகடு ஆசை இருந்தால் அடித்துக்கொள்ளட்டும்: 'இந்த லேப் டெக்னீஷியனின் ஆடி மாதச் சம்பளம் இன்னார் கட்டளை'. அந்தத் தகட்டை நானே வந்து மாட்டித் தருகிறேன்.

அப்புறம், முதல் கூட்டத்துக்குப் பெரிய ஹால் பிடிக்காதீர்கள், பேனர் வேண்டாம். வருகிறவர் ஒவ்வொருவரும் போன மாதத்து டீசல் பில், ரீஏஜென்ட் பில், திரும்பி வந்த க்ளெயிம் கட்டு மூன்றையும் கையோடு கொண்டுவந்து மேஜையில் வைக்கட்டும். தேவிபட்டினம் உங்களுக்கும் தெற்கே இருக்கிறவர்களுக்கும் நடுவில்தான் இருக்கிறது. தேதி வைத்தால் எழுதுங்கள்.