ஏற்காட்டுக்குக் கொண்டுபோனால் படிகம் தெளியுமா?

கேள்வி: சேலத்தில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். ப்ராஜெக்டுக்காக எல்-அலனின் என்ற அமினோ அமிலத்தின் கரைசலை மெல்ல ஆவியாகவிட்டுப் படிகம் வளர்க்கிறேன். மாசி வரை கண்ணாடி மாதிரி வந்தது. சித்திரை வெயிலில் பால் கலந்தாற்போல் மங்குகிறது. சூட்டில் மூலக்கூறுகள் ஆடி ஒழுங்கு கலைகிறதா? வீடு ஏற்காட்டில், பீக்கரை அங்கே கொண்டுபோகட்டுமா?

பதில்: சேலம் வெயிலைப் படிகம் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. கண்டுகொள்வது அதைச் சுற்றியிருக்கும் கரைசல்தான்.

மூலக்கூறு ஆட்டத்தை, அது கிட்டத்தட்ட அடங்கிவிடும் மைனஸ் 273 டிகிரியிலிருந்து எண்ண வேண்டும். அந்தக் கணக்கில் ஏற்காட்டின் 20 டிகிரி 293 கெல்வின், சேலத்தின் 40 டிகிரி 313. நமக்கு ஸ்வெட்டரும் வியர்வையும். படிகத்துக்கு வெறும் ஏழு சதவீதம். அணுக்கள் நின்ற இடத்திலேயே இன்னும் கொஞ்சம் அகலமாக அதிரும், அவ்வளவுதான்.

உள்ளே நிஜமாகத் திரும்புபவை இரண்டு அணுக்குழுக்கள். அலனினின் நேர்மின் முனையில் நைட்ரஜனோடு மூன்று ஹைட்ரஜன்கள் இருக்கின்றன. அவை பக்கத்து மூலக்கூறுகளின் ஆக்சிஜனை ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொண்டிருக்கும். கார்பனோடு ஹைட்ரஜன்கள் சேர்ந்த மெத்தில் குழுவிலும் மூன்று உண்டு, ஆனால் அவை யாரையும் பிடிப்பதில்லை. இரண்டு குழுவும் 120 டிகிரியாகத் தாவித் தாவித் திரும்பும். மெத்தில் தாவ மோலுக்குச் சுமார் 22 கிலோஜூல் போதும். பிடியை விட்டுத் தாவ வேண்டியிருப்பதால் நைட்ரஜன் முனைக்கு 39 வரை ஆகும். குளிர்வித்தால் முதலில் அடங்குவதும் அதுதான். 20 டிகிரி 40 ஆனால் அதன் தாவல் ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்காகும். பயப்படாதீர்கள். மூன்று ஹைட்ரஜனும் ஒன்றேபோல். ஒன்று எழுந்த இடத்தில் இன்னொன்று உட்காரும். அணுக்கரு காந்த ஒத்ததிர்வுக் கருவி (NMR) இதைக் கவனிக்கும். படிகத்தின் தெளிவில் ஒரு மாற்றமும் இருக்காது.

எக்ஸ்-கதிர் அமைப்பாய்வுக்கு மட்டும் அதிர்வு தொல்லைதான், படிகத்தில் பட்டுச் சிதறும் கதிர்கள் பதிக்கும் புள்ளிகள் மங்கும். அதனால்தான் குளிர் நைட்ரஜன் வாயுவை ஊதி 100 கெல்வின் வாக்கில் அளக்கிறார்கள்.

சரி, பால் நிறம் எங்கிருந்து வந்தது? அலனின் 100 மில்லி தண்ணீரில் 25 டிகிரியில் சுமார் 16.6 கிராம் கரையும், 50 டிகிரியில் கிட்டத்தட்ட 22. அதாவது ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு சதவீதம்போல ஏறும். பகலில் அறை பத்து டிகிரி சூடானால் படிகத்தின் மேல்தோல் கரையும். இரவில் குளிர்ந்ததும் அவசர அவசரமாகப் படியும். அந்த அவசரத்தில் கரைசல் பொட்டுப் பொட்டாக உள்ளே மாட்டிக்கொள்ளும். நீங்கள் பார்க்கும் மங்கல் பெரும்பாலும் இதுதான். நானும் ஒருமுறை மேற்குச் சுவர் ஜன்னலோரம் பீக்கரை வைத்து இரண்டு மாத உழைப்பைத் தொலைத்திருக்கிறேன்.

அறை சூடாக இருப்பது தப்பில்லை, சூடு ஏறி இறங்குவதுதான் தப்பு. மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறை வேண்டாம். தரைத்தள உள்ளறையில், தெர்மோகோல் பெட்டிக்குள் பெரிய தண்ணீர்ப் பாத்திரம் வைத்து அதில் பீக்கரை இறக்குங்கள். மேலே பாலித்தீன், அதில் நாலைந்து ஊசித்துளை.

ஏற்காடும் நல்ல இடம்தான். ஆனால் பனிமூட்ட நாளில் ஆவியாதல் தூங்கிவிடும். அதற்குள் அமினோ அமிலக் கரைசலில் பூஞ்சை கட்டும். வாரம் ஒருமுறை வடிகட்டுங்கள். அப்புறம், தெவிட்டிய கரைசலோடு அந்த 20 கொண்டை ஊசி வளைவு ஏறாதீர்கள். ஏற ஏறக் குளிரும், குலுக்கலும் சேரும். மேலே போவதற்குள் பீக்கரின் அடியில் பொடிப்படிகமாகக் கொட்டிக் கிடக்கும். அலனின் பொடியைக் கொண்டுபோய் அங்கே கரையுங்கள்.