செட்டில்மென்ட் போட்ட கார்டு, கிடைக்காத வீட்டுக் கடன்

கேள்வி: கரூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன், வயது 37. கொரோனா சமயத்தில் சில மாதம் சம்பளம் வராமல் கிரெடிட் கார்டில் 86,000 ரூபாய் பாக்கி நின்றுவிட்டது. 2021-இல் வங்கித் தரப்பில் பேசியவர்கள் 40,000 கட்டினால் கணக்கை முடித்துவிடலாம் என்றார்கள். கட்டினேன், கடிதமும் வாங்கினேன். இப்போது 30 லட்சம் வீட்டுக் கடன் கேட்டால் சிபில் ஸ்கோர் 648 என்று மறுக்கிறார்கள். 15,000 கொடுத்தால் ஸ்கோரை ஏற்றித் தருவதாக ஒருவர் சொல்கிறார், கொடுக்கலாமா? மச்சானின் சரக்கு வண்டிக் கடனுக்கு ஜாமீன் போட்டிருக்கிறேன், அதுவும் காரணமா? பேசாமல் மனைவி பெயரில் கேட்டுவிடலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: முதலில் அந்த 15,000. கொடுக்காதீர்கள். சிபிலோ, எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க்கோ, நம் கடன் வரலாற்றை வைத்து ஸ்கோர் போடும் இந்த நான்கு நிறுவனங்களும் வங்கிகள் அனுப்புவதைத்தான் பதிவு செய்கின்றன. வங்கி உறுதி செய்யாமல் அவர்களே ஒரு வரியைக் கூட மாற்ற மாட்டார்கள். அப்படி இருக்கும்போது வெளியாள் எதை மாற்றப்போகிறார்? உங்கள் பான், ஆதார், ஓடிபி எல்லாம் அவர் கைக்குப் போவதுதான் மிச்சம்.

அடுத்தது உங்கள் பிரச்சினையின் வேர். நீங்கள் வாங்கிய கடிதத்தை எடுத்துப் பாருங்கள், அதில் 'செட்டில்டு' என்று இருக்கும். பாக்கியை விட்டுக்கொடுத்து, கிடைத்தவரை போதும் என்று வங்கி வாங்கிக்கொண்டது என்பது அதன் பொருள். முழுப் பணமும் வந்த கணக்கு 'குளோஸ்டு' என்று பதிவாகும். இந்த வித்தியாசத்தை அன்று போனில் பேசியவர்கள் சொல்லவே மாட்டார்கள், எனக்கு இதில் ரொம்ப நாளாகக் கோபம் உண்டு. சம்பளமே வராத நேரத்தில் கிடைத்ததைப் புரட்டிக் கட்டியவரிடம் இதன் பின்விளைவையும் சொல்லியிருக்க வேண்டும். கடன் தகவலைக் குறைந்தது ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி, அதனால் 2021-இல் போட்ட கையெழுத்து இன்றும் வீட்டுக் கடன் அதிகாரியின் கண்ணில் முதலில் படுகிறது.

சரி, இதைச் சரிசெய்ய வழி உண்டா? உண்டு, ஆனால் பணம் செலவாகும். நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும், அவர்கள் தளத்திலேயே எடுங்கள் (நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது). அதில் அந்தக் கார்டு கணக்கு இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். சில வங்கிகள் பழைய பாக்கியைச் சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்களுக்கு (வாராக் கடனை வாங்கி வசூலிப்பவை) விற்றுவிடுகின்றன, அப்படியானால் பேச வேண்டிய இடமே வேறு. அப்புறம் எழுத்தில் கேளுங்கள்: மீதி எவ்வளவு, அதைக் கட்டினால் 'குளோஸ்டு' என்று பதிவு செய்வீர்களா? அசல் வித்தியாசம் 46,000. வட்டி, அபராதம் சேர்த்து அதிகமாகக் கேட்டால் பேரம் பேசலாம், ஆனால் தள்ளுபடிக்குப் பிறகும் 'குளோஸ்டு'தான் போடுவோம் என்று கடிதத்தில் வராதவரை ஒரு ரூபாய் அனுப்ப வேண்டாம், இல்லையென்றால் பணமும் போய் மறுபடி 'செட்டில்டு'தான் நிற்கும்.

கட்டிய பிறகு நிலுவை இல்லை என்ற சான்றிதழை வாங்கி, ஒரு மாதம் கழித்து அறிக்கையை மறுபடி பாருங்கள். மாறவில்லை என்றால் வங்கியிடமும் சிபிலிடமும் புகார் கொடுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதி. அப்போதும் நகராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் போகலாம், கட்டணம் கிடையாது. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: கணக்கின் நிலை மாறினாலும், மாதவாரியாக எத்தனை நாள் தாமதம் என்று 030, 060, 090 என இருக்கும் பழைய கட்டங்கள் அப்படியேதான் இருக்கும். அவற்றுக்கு மேல் புதிதாக 000, அதாவது தாமதமே இல்லாத மாதங்கள், சேர்ந்துகொண்டே வர வேண்டும்.

அதற்கு எளிய வழி, 25,000 ரூபாய் அளவில் ஒரு வைப்புநிதி போட்டு அதன் மேல் கிரெடிட் கார்டு வாங்குவது. பால், பெட்ரோல், மின்கட்டணம் என்று லிமிட்டில் 30 சதவீதத்தைத் தாண்டாமல் செலவு செய்து, கெடு தேதிக்கு முன்பே முழுத் தொகையையும் கட்டிவிடுங்கள். மினிமம் டியூ (பில்லில் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தொகை) மட்டும் கட்டினால் தாமதம் என்று பதிவாகாது, ஆனால் மீதிக்கு மாதம் மூன்று, மூன்றரை சதவீத வட்டி ஓடும், மறுபடி 2020-க்கே போய்விடுவீர்கள். இதற்கிடையில் வங்கி வங்கியாக விண்ணப்பம் போடாதீர்கள், ஒவ்வொன்றும் அறிக்கையில் கடன் விசாரணையாகப் பதிவாகி ஸ்கோரைப் பாதிக்கும். நகைக்கடன் இருந்தால் திருப்பும் தேதியை விட்டுவிடாதீர்கள், நகைதான் அவர்களிடம் இருக்கிறதே என்று நம் ஊரில் அதை யாரும் கடனாகவே நினைப்பதில்லை, ஆனால் அந்தத் தாமதமும் அறிக்கையில் ஏறும்.

மச்சான் விஷயம். ஜாமீன் போட்ட கடன் உங்கள் அறிக்கையிலும் இருக்கும். அவர் தவணை தவறினால் உங்கள் ஸ்கோர் இறங்கும், சட்டப்படி அவருக்கு இருக்கும் அதே பொறுப்பு உங்களுக்கும் உண்டு, நீங்களாக விலகவும் முடியாது, கடன் கொடுத்தவர் வேறு ஜாமீனை ஏற்றால்தான் முடியும். அறிக்கையில் அந்தக் கடன் வரியைப் பாருங்கள். எல்லாம் 000 என்றால் இப்போதைக்குக் கவலை இல்லை. தாமதம் தெரிந்தால் உறவைப் பார்த்துத் தயங்காமல் இந்த வாரமே மச்சானிடம் பேசுங்கள், தவணை போன தகவல் உங்களுக்கும் வர ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

இதெல்லாம் சரியாகும்வரை வீட்டுக் கடனுக்குப் பொறுக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். 30 லட்சத்துக்கு 20 வருடத்தில் 8.5 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 26,035, 9 சதவீதம் என்றால் 26,992. அரை சதவீதத்துக்கே மொத்தத்தில் கிட்டத்தட்ட 2.3 லட்சம் கூடுதல். பல வங்கிகள் ஸ்கோரைப் பார்த்துத்தான் வட்டி போடுகின்றன. அதனால் குறைந்த ஸ்கோருக்கும் தருகிறேன் என்று இப்போதே வரும் கடனைவிட, கார்டு பாக்கியை முடித்துவிட்டுக் காத்திருப்பதையே நான் சொல்வேன்.

மனைவி பெயரில் கேட்பது, இடம் யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. உங்கள் பெயரிலோ கூட்டாகவோ இருந்தால் உங்களையும் இணை விண்ணப்பதாரராகச் சேர்க்கத்தான் சொல்வார்கள், 648-ஐயும் பார்ப்பார்கள். இடம் அவர் பெயரில், அவருக்குத் தனிச் சம்பளமும் உண்டு என்றால் அவர் மட்டும் விண்ணப்பிக்கலாம், அந்தச் சம்பளத்துக்கு எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும். இதுவரை அவர் கடனே வாங்கியதில்லை என்றால் ஸ்கோர் இல்லாமல் இருக்கும், அதை மட்டுமே காரணமாகச் சொல்லி முதல்முறை கடன் கேட்பவரை ஒதுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது, கவுன்டரில் மறுத்தால் அதைச் சொல்லிக் கேளுங்கள்.