எங்கள் எல்எல்சியில் பணம் தீர்ந்துவிட்டது. நான் போடும் பணத்தைக் கடனாகப் போடுவதா, முதலீடாகப் போடுவதா?

அமெரிக்காவில் மூன்று பேர் உறுப்பினராக, அதாவது உரிமையாளராக, இருக்கும் எல்எல்சி (வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கம்பெனி), வெள்ளிக்கிழமை சம்பளம் போடவேண்டும், மற்ற இருவரும் கையை விரித்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படியும் நீங்கள் போடத்தான் போகிறீர்கள். நானும் போட்டேன். கடனாகவே போடுங்கள். ஆனால் எழுதிக் கையெழுத்து வாங்காமல் ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள்.

நாங்களும் மூவர்தான், ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு, லேபிள் அச்சடிக்கும் தொழில். பெரிய வாடிக்கையாளர் ஒருவர் அறுபது நாள் கெடுவைத் தொண்ணூறு நாளாக இழுத்தார். வியாழன் இரவு பதினோரு மணிக்கு, சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து, நானும் மனைவியும் சேர்த்து வைத்திருந்ததிலிருந்து 24,000 டாலரைக் கம்பெனிக் கணக்குக்கு மாற்றினேன். மெமோ கட்டத்தில் 'பேரோல்' என்று மட்டும் அடித்தேன். கூட்டாளிகள் போனில் "சீக்கிரம் திருப்பிடலாம்" என்றார்கள். கணக்கு எழுதுகிறவர் அதை 'உறுப்பினர் முதலீடு' என்ற தலைப்பில் ஏற்றினார். நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

பதினான்கு மாதத்தில் தொழிலை மூடினோம். மெஷினை விற்று, வங்கிக்கும் பேப்பர் சப்ளையருக்கும் கொடுத்ததுபோக 18,000 மிஞ்சியது. எல்எல்சியைக் கலைக்கும்போது முதலில் கடன்காரர்களுக்குத்தான் கொடுக்கவேண்டும். உறுப்பினர் கடன் கொடுத்திருந்தால் அவரும் அந்த வரிசையில் வருவார். என் பணம் கடன் என்று பதிவாகியிருந்தால் அந்தப் 18,000மும் எனக்கு வந்திருக்கும். புத்தகத்தில் முதலீடு என்று இருந்தது. மிச்சமெல்லாம் பங்கு விகிதப்படி என்று எங்கள் ஆபரேட்டிங் அக்ரிமென்ட், அதாவது கம்பெனியை எப்படி நடத்துவது என்று உறுப்பினர்கள் போட்டுக்கொண்ட ஒப்பந்தம், சொன்னது. கைக்கு வந்தது 6,000.

நண்பர்களை நம்பாதவன் பேசுகிறான் என்று சிலர் நினைக்கலாம். அப்படியில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்கள் ஞாபகத்தில் அது முதலீடாகவே தங்கிவிட்டது.

சரி, செய்யவேண்டியது இதுதான். ஒரு பக்கத்தில் பிராமிசரி நோட் (கடன் பத்திரம்): தொகை, வட்டி, திருப்பும் தேதி. வட்டி, ஐஆர்எஸ் (அமெரிக்க வருமான வரித்துறை) மாதாமாதம் வெளியிடும் ஏஎஃப்ஆர் என்ற குறைந்தபட்ச வட்டி விகிதத்துக்குக் குறைய வேண்டாம். மற்ற இருவரும் கம்பெனி சார்பில் கையெழுத்துப் போடட்டும், உங்களுக்கு நீங்களே கையெழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். அப்புறம், கம்பெனி தவணையை உண்மையிலேயே கட்டவேண்டும். நோட் இருந்தும் யாரும் ஒரு தவணைகூடக் கட்டவில்லை என்றால், இது கடனே இல்லை என்று ஐஆர்எஸ்ஸும் சொல்லலாம், கோர்ட்டும் சொல்லலாம். வரும் வட்டி உங்களுக்கு வருமானம், வரி உண்டு.

கடன் மூழ்கினால் முழுத் தொகையையும் அந்த வருடமே வரியில் கழிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கடன் கொடுப்பது உங்கள் தொழில் இல்லை என்றால், பெரும்பாலும் அது குறுகிய கால மூலதன நஷ்டம். மூலதன லாபம் (பங்கு, சொத்து விற்று வந்த லாபம்) ஏதும் இல்லாவிட்டால், மற்ற வருமானத்தில் வருடத்துக்கு 3,000 டாலர்தான் கழியும், மிச்சம் அடுத்த வருடங்களுக்குப் போகும். இன்னொன்று: கம்பெனி திவாலாகும் நிலையில் உங்கள் கடனை மட்டும் அவசரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். திவால் வழக்கு வந்தால், கம்பெனி வெளியாருக்குக் கொடுத்ததை அதற்கு முந்தைய 90 நாள் வரை பின்னோக்கிப் பார்ப்பார்கள். கம்பெனியை நடத்தும் உறுப்பினருக்குக் கொடுத்ததை ஒரு வருடம் வரை பார்த்துத் திரும்பக் கேட்கலாம்.

உங்கள் ஆபரேட்டிங் அக்ரிமென்ட்டில் உறுப்பினர் கடன் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று இன்றே பாருங்கள், சிலதில் மற்றவர்கள் சம்மதம் வேண்டும் என்று இருக்கும். பணம் அனுப்பும்போது மெமோவில் 'கடன்' என்றும் நோட்டின் தேதியும் அடியுங்கள். திங்கட்கிழமை கணக்குப் புத்தகத்தைத் திறந்து அது எந்தத் தலைப்பில் ஏறியிருக்கிறது என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.