ஒரே தளத்தில் பல நிறுவன ரோபோக்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வேறு வேறு நிறுவனங்களின் நடமாடும் ரோபோக்களை ஒரே தளத்தில் ஓடவிடுவது பற்றித்தான் இம்முறை அதிகக் கேள்விகள். ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துவிட்டேன், நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

எங்கள் கிடங்கில் இரண்டு நிறுவனங்களின் ரோபோக்கள் ஓடுகின்றன. இரண்டுக்கும் தனித்தனி ஃபிளீட் மேனேஜர் (ரோபோக்களை ஒருங்கிணைத்து ஓட்டும் மென்பொருள்). குறுகலான பாதையில் எதிரெதிரே வந்து நின்றுவிட்டால், யாராவது போய் ஒன்றைக் கையால் ஓட்டி எடுக்க வேண்டியிருக்கிறது. எந்தத் தரநிலையை எடுத்தால் இது தீரும்?

தரநிலையின் பெயரைத் தேடுவதற்கு முன் ஒன்றை முடிவு செய்யுங்கள்: "இப்போது நீ நகரலாம்" என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கப் போகிறது? இன்றைக்கு உங்கள் தளத்தில் அது இரண்டு மென்பொருள்களிடம் இருக்கிறது, ஒன்று இருப்பதே மற்றொன்றுக்குத் தெரியாது. எதிரில் வரும் ரோபோ உங்கள் ரோபோவின் லேசர் சென்சாருக்கு வெறும் தடை. தடை விலகட்டும் என்று இது காத்திருக்கிறது. அந்தப் பக்கமும் அதே காத்திருப்புதான்.

திறந்த தரநிலைகள் இந்தக் கேள்விக்கு மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன. முதலாவது விடிஏ 5050. ஜெர்மனியின் மோட்டார் வாகனத் தொழில் சங்கமான விடிஏவும், இயந்திரத் தயாரிப்பாளர் சங்கமான விடிஎம்ஏவும் சேர்ந்து 2019இல் முதல் பதிப்பை வெளியிட்டன. இதில் தளம் முழுவதற்கும் ஒரே மாஸ்டர் கண்ட்ரோல். ரோபோ எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் அதனிடம்தான் ஆர்டர் வாங்கும், அது விடுவித்த தூரம் வரைதான் போகும்.

இரண்டாவது, பாஸ்டனில் உள்ள மாஸ்ரோபோடிக்ஸ் அமைப்பு 2021இல் வெளியிட்ட தரநிலை. ஒவ்வொரு ரோபோவும் தான் யார், எங்கே இருக்கிறது, எந்த வேகத்தில் எந்தப் பக்கம் போகிறது, என்ன நிலையில் இருக்கிறது என்பதை ஒரே வடிவத்தில் அறிவிக்கும். அவ்வளவுதான். யாரும் யாருக்கும் உத்தரவு போடுவதில்லை. எல்லா ரோபோக்களையும் ஒரே திரையில் பார்க்க இது நன்றாக உதவும். உங்கள் எதிரெதிர்ச் சிக்கலை இது மட்டும் தீர்க்காது.

மூன்றாவது ஓபன்-ஆர்எம்எஃப். சிங்கப்பூர் மருத்துவமனைகளின் தேவையிலிருந்து வளர்ந்த திறந்த மூல மென்பொருள், ராஸ் 2 என்ற ரோபோ மென்பொருள் தளத்தின் மேல் கட்டப்பட்டது. சரியாகச் சொன்னால் இது தரநிலை ஆவணம் அல்ல, நேரடியாக ஓட்டக்கூடிய மென்பொருள். ஒவ்வொரு நிறுவனத்தின் ஃபிளீட் மேனேஜரும் அப்படியே இருக்கும். அதன் மேல் ஒரு போக்குவரத்து அட்டவணை வரும். இரண்டு ரோபோக்களின் பாதை மோதும் என்று முன்கூட்டியே தெரிந்தால், இரண்டு தரப்பின் அடாப்டர்களும் (ஃபிளீட் மேனேஜரை இந்த அட்டவணையோடு இணைக்கும் மென்பொருள்கள்) பேசி யார் ஒதுங்குவது, யார் தாமதிப்பது என்று தீர்த்துக்கொள்ளும்.

உங்கள் இரண்டு நிறுவனங்களும் விடிஏ 5050 தருமானால் ஒரே மாஸ்டரின் கீழ் கொண்டுவருவதே என் பரிந்துரை. பொருள்கள் ஓயாமல் ஓடும் கிடங்குக்கு அந்தக் கட்டுப்பாடு தேவை. ஒரு நிறுவனம் "பாதையை நாங்களே போடுவோம், நிறுத்தவும் தொடரவும் மட்டும் வசதி தருகிறோம்" என்று சொன்னால் ஓபன்-ஆர்எம்எஃப் பக்கம் போங்கள். அப்படிப்பட்ட ஃபிளீட்டுகளுக்கென்றே அதில் டிராஃபிக் லைட் அடாப்டர் என்று ஒன்று இருக்கிறது. எதுவும் கைகூடும் வரை, அந்தக் குறுகலான பாதையை ஒருவழியாக்குங்கள், அல்லது ஒரே ஃபிளீட்டுக்கு ஒதுக்குங்கள். நாளைக்கே செய்யக்கூடியது இது.

விடிஏ 5050க்கு மாறியதிலிருந்து எங்கள் ரோபோ ஒவ்வொரு நோடிலும் (பாதையில் குறித்த புள்ளியிலும்) தயங்கித் தயங்கிப் போகிறது. தரநிலையே மெதுவானதா?

இல்லை. உங்கள் மாஸ்டர் பாதையை மிகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கிறது என்பதே பெரும்பாலும் காரணம்.

ஆர்டர் என்பது நோடுகளும் அவற்றை இணைக்கும் எட்ஜுகளும் மாறி மாறி வரும் வரிசை. நோடுகளுக்கு 0, 2, 4 என்று இரட்டைப்படை எண்கள், எட்ஜுகளுக்கு 1, 3, 5. ஒவ்வொன்றிலும் "ரிலீஸ்டு" என்ற குறி உண்டு. அது உண்மை என்று இருக்கும் பகுதிக்கு பேஸ் என்று பெயர், அதுவரை ரோபோ போகலாம். மீதிப் பகுதி ஹொரைசன்: இப்படித்தான் போகப் போகிறோம் என்ற தகவல் மட்டும், அனுமதி இல்லை. அடுத்த அனுமதி வராவிட்டால் பேஸின் கடைசி நோடில் நின்றாக வேண்டும் என்பதால், ரோபோ அங்கே போய்ச் சேர்வதற்கு முன்பே பிரேக் போடத் தொடங்கிவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ரோபோவின் வேகம் விநாடிக்கு 1.5 மீட்டர், பிரேக் போட்டால் ஒவ்வொரு விநாடியும் வேகம் விநாடிக்கு 0.5 மீட்டர் குறையும் என்று வைத்துக்கொள்வோம். நிற்க 2.25 மீட்டர் வேண்டும். ரோபோ தன் இடத்தை அறிவித்து, மாஸ்டர் யோசித்து, புதிய ஆர்டர் வந்து சேர ஒரு விநாடி ஆனால் அதற்குள் இன்னும் 1.5 மீட்டர் ஓடிவிடும். ஆக, முன்னால் எப்போதும் 4 மீட்டராவது விடுவிக்கப்பட்டிருக்க வேண்டும். உங்கள் நோடுகள் 2 மீட்டருக்கு ஒன்று என்று இருந்து, மாஸ்டர் ஒரு நோடு மட்டும் முன்னால் விடுவித்தால், ரோபோ முழு வேகத்தைத் தொடவே தொடாது.

அதற்காக மொத்தப் பாதையையும் ஒரேயடியாக விடுவித்துவிடாதீர்கள். விடுவித்த பேஸைத் திரும்பப் பெற முடியாது. ஆர்டரையே ரத்து செய்ய வேண்டும். அதுவரை அந்தப் பாதை மற்ற ரோபோக்களுக்கு அடைபட்டுக் கிடக்கும். பிரேக் தூரத்துக்கு மேல் ஒன்றிரண்டு நோடுகள் என்று தொடங்கி, சந்திப்புகளுக்கு முன் மட்டும் இறுக்குங்கள்.

ரோபோ அனுப்பும் ஸ்டேட் (நிலை) செய்தியில் "நியூ பேஸ் ரிக்வெஸ்ட்" என்று ஒரு புலம் உண்டு. பேஸ் தீரப்போகிறது, இனி வேகத்தைக் குறைப்பேன் என்று ரோபோவே சொல்வது அது. ஒரு நாள் லாகை (செய்திப் பதிவை) எடுத்து அது எங்கெங்கே உண்மையாகிறது என்று பாருங்கள். தயங்கும் இடங்கள் அப்படியே தெரியும். அங்கே அது எழாமலே ரோபோ நிற்கிறதென்றால், அந்த நோடில் "ஹார்டு" தடையுடன் (சுமை தூக்குவது போன்ற) ஏதாவது ஆக்‌ஷன் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அது முடியும் வரை ஓட்டமும் கிடையாது, வேறு ஆக்‌ஷனும் கிடையாது.

வைஃபை நடுவில் போய்விட்டால் ரோபோ என்ன செய்யும்? உடனே நின்றுவிடுமா?

நிற்காது. ஏற்கெனவே விடுவிக்கப்பட்ட கடைசி நோடு வரை போய்த்தான் நிற்கும், விடிஏ 5050 அப்படித்தான் சொல்கிறது. இதை மனதில் வைக்காமல் எழுதப்பட்ட மாஸ்டர்கள்தான் எனக்குக் கவலை தருகின்றன.

செய்திகள் எம்க்யூடிடி என்ற செய்தி நெறிமுறை வழியாகப் போகின்றன. அவற்றை இடையில் நின்று வாங்கிக் கொடுக்கும் சர்வர்தான் புரோக்கர். ரோபோ இணையும்போதே தன் "கடைசி விருப்பச் செய்தி"யை புரோக்கரிடம் கொடுத்துவைக்கும். இணைப்பு அறுந்தால் புரோக்கர் அந்த ரோபோவின் சார்பில் "கனெக்‌ஷன் புரோக்கன்" என்று அறிவிக்கும். ஆனால் அறுந்த அந்தக் கணமே அது புரோக்கருக்குத் தெரியாது. கீப் அலைவ் (இணைப்பில் இருக்கிறேன் என்று ரோபோ தெரிவிக்கும்) இடைவெளியைப்போல் ஒன்றரை மடங்கு நேரம் சத்தமில்லாமல் இருந்தால்தான் இணைப்பு போனதாக எம்க்யூடிடி கருதும். இடைவெளி 15 விநாடி என்றால் 22.5 விநாடி. விநாடிக்கு 1.5 மீட்டர் ஓடும் ரோபோ அதற்குள் 30 மீட்டருக்கு மேல் போயிருக்கும்.

ஆகவே "ஆஃப்லைன் ஆகிவிட்டது, அதன் பாதையை அடுத்தவனுக்குக் கொடு" என்று மாஸ்டர் நினைக்கக் கூடாது. அறுந்த ரோபோ தன் பேஸின் எந்தப் புள்ளியிலும் இருக்கலாம். அது மீண்டும் வந்து தன் இடத்தைச் சொல்லும் வரை, அல்லது ஒரு மனிதர் போய்ப் பார்த்து உறுதி செய்யும் வரை, அந்தப் பேஸ் முழுவதும் பூட்டியே இருக்கட்டும்.

இன்னொன்று. கனெக்‌ஷன் செய்தி மட்டும்தான் சேவைத் தரம் 1. ஆர்டர், ஸ்டேட் எல்லாம் தரம் 0, அதாவது வழியில் தொலைந்தால் தொலைந்ததுதான், புரோக்கர் திரும்ப அனுப்பாது. ஆர்டர் போய்ச் சேர்ந்ததா என்பதை ஸ்டேட்டில் வரும் ஆர்டர் எண்ணையும் புதுப்பிப்பு எண்ணையும் பார்த்து மாஸ்டர்தான் உறுதி செய்ய வேண்டும். அந்தச் சரிபார்ப்பு இல்லாத மாஸ்டரை வாங்காதீர்கள்.

அவசர நிறுத்தத்தையும் விடிஏ 5050 வழியாகவே கொடுக்கலாமா?

கூடாது. வைஃபையில் போகும் ஜேசான் செய்தியை நம்பி ஒருவரின் காலைப் பணயம் வைக்க முடியாது. ஸ்டேட்டில் அவசர நிறுத்தம் அழுத்தப்பட்டிருக்கிறதா, பாதுகாப்பு வளையத்துக்குள் யாராவது வந்தார்களா என்ற தகவல்கள் வரும். அவை அறிவிப்புகள், பாதுகாப்பு ஏற்பாடு அல்ல. மனிதரைக் கண்டு நிற்பது ரோபோவின் சொந்தப் பொறுப்பு. ஓட்டுநரில்லாத தொழிற்சாலை வண்டிகளுக்கு அதற்கான விதிகள் ஐஎஸ்ஓ 3691-4இல் இருக்கின்றன. முதலில் 2020இல் வந்தது, 2023இல் திருத்தப்பட்டது. எந்த ஃபிளீட் மென்பொருளும் அதற்கு மாற்றாகாது.

இரண்டு ரோபோக்களின் மேப்பும் ஒரே கட்டடத்துடையது. ஆனால் ஒன்றின் ஆயங்களை மற்றொன்றில் போட்டால் சுவருக்குள் போய் நிற்கிறது.

ஒவ்வொரு ரோபோவும் தன் மேப்பைத் தானே வரைந்துகொண்டது. தொடக்கப் புள்ளி வேறு, அச்சின் திசை வேறு. விடிஏ 5050 தூரத்தை மீட்டரிலும் கோணத்தை ரேடியனிலும் கேட்கிறது, மேப்புக்கு ஓர் அடையாளம் வைக்கச் சொல்கிறது. இரண்டு மேப்பும் பொருந்துகின்றனவா என்பது உங்கள் பாடு.

இரண்டிலும் தெளிவாகத் தெரியும் தூண் மூலைகளைப் பொதுப் புள்ளிகளாக எடுங்கள். நான்கு கோடிகளிலும் எடுங்கள், நடுவிலும் எடுங்கள். அவற்றை வைத்து நகர்வையும் சுழற்சியையும் கணக்கிடுங்கள். சுழற்சியில் 1 டிகிரி பிசகினால் 50 மீட்டருக்கு அப்பால் 87 சென்டிமீட்டர் விலகல் வரும், ஒரு ரோபோ அடுத்த பாதைக்கே போய்விடும் அளவு. கோடிப் புள்ளிகள் பொருந்தி நடுப்புள்ளி பொருந்தவில்லை என்றால் ஒரு மேப்பே வளைந்திருக்கிறது. எந்தச் சூத்திரத்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது, மறுபடி மேப் எடுங்கள்.

நோடு, எட்ஜ் அமைப்பை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக விடிஎம்ஏவின் எல்ஐஎஃப் வடிவம் இருக்கிறது. கையால் தட்டச்சு செய்வதைவிட அது எவ்வளவோ மேல்.

லிஃப்டும் தானியங்கிக் கதவும் இதில் அடங்குமா?

விடிஏ 5050 மாஸ்டருக்கும் வண்டிக்கும் இடையிலானது. லிஃப்டோடு பேசுவதை மாஸ்டர் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓபன்-ஆர்எம்எஃப் மருத்துவமனைச் சூழலில் வளர்ந்ததால் லிஃப்ட், கதவு இரண்டுக்கும் அடாப்டர்கள் அதன் அமைப்பிலேயே உண்டு. பல மாடிக் கட்டடம் என்றால் இது பெரிய வசதி.

புரோக்கரின் பாதுகாப்பை எப்படிப் பார்த்துக்கொள்வது?

தரநிலை இதை உங்களிடம் விட்டுவிடுகிறது. டிஎல்எஸ் குறியாக்கம் போடுங்கள். ஒவ்வொரு ரோபோவுக்கும் தனிச் சான்றிதழ் கொடுங்கள். டாபிக்கின் (செய்தி போகும் முகவரியின்) பெயரிலேயே தயாரிப்பாளரும் வரிசை எண்ணும் இருப்பதால், ஒரு ரோபோ தன் டாபிக்குகளை மட்டும் தொடும்படி புரோக்கரில் அனுமதி வைப்பது எளிது. ஆர்டர் டாபிக்கில் எழுதும் உரிமை மாஸ்டருக்கு மட்டும் இருக்கட்டும்.

ஒரே நிறுவனத்தின் மூன்று ரோபோக்கள்தான் வைத்திருக்கிறோம். எங்களுக்கு இதெல்லாம் வேண்டுமா?

இப்போது வேண்டாம். அவர்களின் சொந்த மென்பொருளே போதும். பின்னாளில் கேட்டால் விடிஏ 5050 இடைமுகத்தைத் திறந்துவிட வேண்டும் என்று மட்டும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

"விடிஏ 5050 இணக்கமானது" என்று விற்பனையாளர் சொல்கிறார். நம்பி வாங்கலாமா?

எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். 1.1க்கும் 2022இல் வந்த 2.0க்கும் நிறைய வேறுபாடு. ரோபோ தன்னால் என்ன முடியும் என்று தானே சொல்லும் ஃபேக்ட்ஷீட் செய்தி 2.0இல்தான் வந்தது. அந்த ஃபேக்ட்ஷீட்டை வாங்கிப் படியுங்கள். எந்தெந்த ஆக்‌ஷன்கள், அவற்றின் அளவுருக்கள் என்னென்ன, விருப்பப் புலங்களில் எவற்றை ரோபோ மதிக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். தூக்கு, இறக்கு என்ற ஆக்‌ஷன்களின் பெயர் பொதுவாக இருந்தாலும் உயரத்தையும் சுமையின் வகையையும் கேட்கும் விதம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. ஒருங்கிணைப்பில் நாள்கள் கரைவது பெரும்பாலும் அங்கேதான்.

பிறகு நேரில் சோதியுங்கள். ஜெர்மன் ஆய்வு நிறுவனமான ஃபிரான்ஹோஃபர் ஐஎம்எல் உருவாக்கிய ஓபன்டிசிஎஸ் என்ற கட்டுப்பாட்டு மென்பொருள் திறந்த மூலமாகவே கிடைக்கிறது, விற்பனையாளருக்குத் தொடர்பில்லாத ஒரு மாஸ்டராக அதை வைத்து ஓட்டிப் பார்க்கலாம். நேர்ப்பாதையில் ஓட்டிக் காட்டுவதை மட்டும் ஏற்காதீர்கள். சுமையைத் தூக்கும் நடுவில் ஆர்டரை ரத்து செய்யச் சொல்லுங்கள். பாதி வழியில் வைஃபையை அணைத்து, பேஸ் முடிவில் நிற்கிறதா என்று பாருங்கள். கையால் ஓட்டும் நிலைக்கு மாற்றி, இரண்டு மீட்டர் தள்ளிவைத்து, மீண்டும் தானியங்கிக்குக் கொண்டுவந்தால் பழைய ஆர்டரை என்ன செய்கிறது என்று பாருங்கள். பழைய புதுப்பிப்பு எண்ணோடு ஓர் ஆர்டர் அனுப்பினால் அதை நிராகரித்துப் பிழை அறிவிக்க வேண்டும், பேசாமல் விழுங்கக் கூடாது. இந்த நான்கையும் ஏற்புச் சோதனையாக ஒப்பந்தத்திலேயே சேர்த்து, கடைசித் தவணையை அவற்றோடு கட்டிவிடுங்கள்.