கேள்வி – பதில்: யார் வந்தேறி, எது கலவரம்?

கேள்வி: பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் பாரிஸ் புறநகரில் இருக்கிறார்கள். 2023-இல் அங்கே கலவரம் மூண்டபோது, நம் தொலைக்காட்சி விவாதம் ஒன்றில், 'வந்தேறிகளை உள்ளே விட்டால் இப்படித்தான்' என்று ஒருவர் பேசினார். அங்கேயே பிறந்து வளர்ந்த என் அண்ணன் மகனும் வந்தேறிதானா?
– வாசகி, காரைக்கால்

பதில்: இல்லை, அம்மா. அப்படிப் பேசியவருக்கு உங்கள் அண்ணன் மகனையும் தெரியாது, அந்தக் கலவரத்தின் தொடக்கமும் தெரியாது. 2023 ஜூன் 27 அன்று, பாரிஸை ஒட்டிய நான்டேர் நகரில், நாயெல் என்ற 17 வயதுச் சிறுவன் ஓட்டிவந்த காரை மறித்த காவலர் ஒருவர், மிக அருகில் நின்று அவனைச் சுட்டுக் கொன்றார். கார் காவலர்கள்மீது பாய்ந்ததாகவே முதலில் செய்தி வந்தது. காணொளி ஒன்று வெளியான பிறகுதான் காவலர்கள் காரின் பக்கவாட்டில் நின்றிருந்தது உலகுக்குத் தெரிந்தது. கைதானவர்களில் வெளிநாட்டவர் 10 விழுக்காட்டுக்கும் குறைவு என்று அன்றைய உள்துறை அமைச்சரே நாடாளுமன்றத்தில் கூறினார். ஆனாலும் 'வந்தேறி' என்ற பேச்சு ஓயவில்லை. பிரான்சின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எவரிடமும் இனத்தைக் கேட்பதில்லை. பெயரையும் தோலையும் பார்த்து ஒருவரைப் பிறந்த மண்ணிலேயே அயலாராக்கும் வேலையை விவாத மேடைகள் செய்துவிடுகின்றன.

2005-இலும் இதுவே நடந்தது. காவலர்களுக்குப் பயந்து மின்நிலையம் ஒன்றில் ஒளிந்த இரண்டு சிறுவர்கள் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். மூன்று வாரம் புறநகர்கள் எரிந்தன. அப்போது அரசு கையில் எடுத்தது, பிரான்சின் காலனியாக இருந்த அல்ஜீரியாவில் நடந்த போரின்போது 1955-இல் இயற்றப்பட்ட நெருக்கடி நிலைச் சட்டம். காரைக்கால் பிரெஞ்சு நிர்வாகத்திடமிருந்து கைமாறிய அதே 1954 நவம்பர் 1 அன்றுதான் அல்ஜீரியாவில் விடுதலைப் போர் தொடங்கியது என்பது உங்கள் ஊரார் அறிய வேண்டிய செய்தி. காலனிகளில் ஆளப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் தெருக்களில் அந்தப் பழைய சட்டமே மீண்டும் இறங்கியது.

பள்ளிகளையும் நூலகங்களையும் பேருந்துகளையும் கொளுத்தியதை நான் நியாயப்படுத்தவில்லை. அவற்றை இழந்தவர்களும் அந்தப் புறநகர் ஏழைகளே. ஆனால் எரியும் பேருந்தை இரவு முழுவதும் காட்டிவிட்டுத் துப்பாக்கிச் சூட்டை ஒரே வரியில் கடந்துபோகும் விவாதத்தை நேர்மையானது என்று என்னால் ஏற்க முடியாது.

கேள்வி: ஊடகங்கள் சேதத்தை மிகைப்படுத்துவதாகச் சொல்வது உண்மையா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பல முறை உண்மை. 1967-இல் அமெரிக்க நகரங்களில் நடந்த கறுப்பினத்தவர் கலவரங்களை ஆராய்ந்த கெர்னர் ஆணையம், டெட்ராய்ட் நகரின் சேதம் 20 கோடி முதல் 50 கோடி டாலர் வரை என்று முதலில் அச்சேறியதையும், பின்னர் வந்த மதிப்பீடுகள் 4.5 கோடியைத் தாண்டவில்லை என்பதையும் 1968-இல் பதிவு செய்தது. வெள்ளையர் கண்கொண்டே செய்தி எழுதப்பட்டது என்றும் அது கண்டித்தது.

கேள்வி: 1983-இல் கொழும்பில் நடந்ததை 'இனக்கலவரம்' என்று எழுதலாமா?
– வாசகர், வேதாரண்யம்

பதில்: நான் எழுதுவதில்லை. கலவரம் என்றால் இரு தரப்பும் கைகலந்ததாகப் பொருள்படும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டதற்கு மறுநாள், ஜூலை 24 இரவு தொடங்கி, கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடித்தேடிக் கொளுத்தினார்கள். வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். 28-ஆம் தேதி தொலைக்காட்சியில் தோன்றிய அதிபர் ஜெயவர்த்தனா, தமிழருக்கு ஓர் ஆறுதல் சொல்கூடக் கூறாமல், அதைச் சிங்கள மக்களின் கொதிப்பாகவே விளக்கினார்.

இந்தப் பழக்கம் நம் டெல்டாவுக்கும் புதிதன்று. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டதை, விவசாயிகளின் மோதலைத் தொடர்ந்து நேர்ந்ததாகத் தலைப்பிட்டவர்கள் அன்று இருந்தார்கள். கதவு வெளியே அடைக்கப்பட்ட குடிசைக்குள் இருந்தவர்கள் யாரோடு மோதினார்கள்? ஆகவேதான், கொழும்பைப் பற்றி எழுதும்போது 'கறுப்பு ஜூலை' என்றோ 'தமிழர்மீது நடந்த படுகொலை' என்றோ எழுதுகிறேன். நீங்களும் அவ்வாறே எழுதலாம்.